ஏழாம் இலக்கம்

வாயிற் காவல் கூண்டில்
மூன்று அடுக்காய் வரைபடம், இலவசம்.
மேலே ஒவ்வொரு கருங்கல் பாரம்.
தமிழ் அடுக்குத்தான் உயரம்,
யாரும் அவ்வளவாய் எடுப்பதில்லை போல.
ஒன்றை உருவினேன்.
இதை எழுத்துக் கோத்தவள் நான்தான் என்று
காவலாளியிடம் சொல்லவில்லை.

கட்டுகஸ்தோட்டை அச்சகத்தில்
மின்வெட்டுக்கும் மின்வெட்டுக்கும் நடுவே
ஒரே பின்னேரத்தில் முடித்த வேலை.
'வழிகாட்டி வேண்டியதில்லை
நீங்களே சுற்றிப் பார்க்கலாம்
ஒன்று முதல் பன்னிரண்டு வரை
அம்புக்குறி வழியே செல்லவும்.'
இந்த வளவுக்குள்
அதற்கு முன் நான் கால் வைத்ததில்லை.
உயர்தரத்தில் வெட்டுப்புள்ளிக்குத்
தசம் சைபர் மூன்று குறைவு,
அது வேறு கதை.

ஞாயிற்றுக்கிழமை. நூலகம் பூட்டு.
கண்ணாடியில் நெற்றியை ஒட்டிப் பார்த்தேன்:
மேசைகளின் மேல் கதிரைகள்
கால்களை உயர்த்திக் கிடந்தன.
திறந்தவெளி அரங்கின் மேடையில்
ஒரு நாய் மட்டும்
தன் காட்சியைத் தூங்கி நடித்தது.
கற்படியில் உட்கார்ந்து
பனிஸ் ஒன்றை முழுதாய்ச் சாப்பிட்டேன்.
ஹந்தானைப் பக்கம் மப்பு.
நான்காம் இலக்கத்தைத் தவற விட்டிருக்கிறேன்,
திரும்பிப் போக மனமில்லை.

ஏழு:
'மூதவை மண்டபம்.
கல் வேலைப்பாடு காண்போர் மனதைக் கவரும்.'

அம்புக்குறி கொண்டுபோய் நிறுத்திய இடத்தில்
விடுதிக் கொல்லைப் பக்கம்
பாசி ஏறிய ஒரு தண்ணீர்த் தாங்கி.

அன்றைக்கு மின்சாரம் வந்து போன நேரம்
அந்த ஏழு
ஒரு விரற்கடை நழுவியிருக்க வேண்டும்.
சிங்களத்தில் சரி, ஆங்கிலத்தில் சரி.
என் மொழிக்கு மட்டும்
தண்ணீர்த் தாங்கி.

தனியாக நின்று வெட்கப்படவும் வழியில்லை.
எனக்கு முன்பே ஒரு குடும்பம்,
லுணுகலையில் இருந்து விடியல் பஸ் ஏறியவர்கள்.
தகப்பன் என் வசனத்தை
உரக்க, நிறுத்தி நிறுத்தி வாசித்தார்.
"இதுவா?" என்றான் மகன்.
"வெள்ளக்காரன் காலத்துக் கல்லு,
அப்படித்தாண்டா இருக்கும்"
என்றாள் தாய், சேலைத் தலைப்பால்
கொஞ்சம் பாசியைத் துடைத்துவிட்டு.

பையன் சுவரில் காதை வைத்தான்.
"உள்ள சத்தம் கேக்குதுப்பா!"
தகப்பனும் காதை வைத்தார்.
கண்ணை மூடி நெடுநேரம் கேட்டார்.
"கூட்டம் நடக்குதாக்கும்.
ஞாயித்துக்கிழமையும் விடமாட்டாங்க
பெரிய மனுசங்க."

படம் எடுத்துத் தரச் சொன்னார்கள்.
எடுத்தேன்.
செபஸ்தியன், புவனலோஜினி, நடுவில் கிதுர்ஷன்,
பின்னால் என் பிழை
சட்டத்துக்குள் அடங்காத உயரத்தில்.

சொல்லத்தான் வாயெடுத்தேன்.
"கீழ் ரோட்டுல இன்னொரு மண்டபம் இருக்கு,
அதையும் பார்த்துட்டுப் போங்க."
"இதுல அது இல்லையே தங்கச்சி?"
"அச்சுப் பிழை அண்ணே."
"எந்த மடையன் அடிச்சானோ" என்று சிரித்தார்.
"ஆமா" என்றேன்.

அவர்கள் போனபின்
நானும் காதை வைத்தேன்.
குளிர்.
உள்ளே எங்கோ ஒரு குழாயிலிருந்து
நீர் விழுந்துகொண்டிருந்தது,
யாரோ ஒருவர் முடிக்காமல்
பேசிக்கொண்டே இருப்பதைப் போல.

மூதவை மண்டபத்தைப் பிறகு பார்த்தேன்.
அழகுதான். நன்றாகக் கட்டியிருக்கிறார்கள்.
வாசலில் செபஸ்தியன் குடும்பம்
இதன் பெயர் என்னவென்று தெரியாமல்
கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனது.

வாயிலுக்குத் திரும்பிக்
கல்லைத் தூக்கி வைத்துவிட்டு
நீலப் பேனையால் திருத்தத் தொடங்கினேன்.
ஏழை அடித்து, அம்பை வளைத்து,
ஒவ்வொன்றாக.
"மிஸ், அதுல எழுதக் கூடாது"
என்றான் காவலாளி, கொச்சைத் தமிழில்.
மழை தூறியது. பதினொன்று முடிந்திருந்தது.

பன்னிரண்டாவதில்
தாங்கியை அடிக்கவில்லை.
பக்கத்தில் பொடி எழுத்தில் எழுதினேன்:
'காதை வைத்துக் கேட்கவும்.'
எழுதியதை அடுக்கின் நடுவில்
எங்கேயோ செருகிவிட்டுக்
கண்டி பஸ்ஸுக்கு ஓடினேன்.